மஞ்சள் கரைத்த கிணறு

சென்ற மாதம் பெரம்பலூர் நாலு ரோட்டு டீக்கடையில் ரிக் வண்டிக்காரர்கள் சிலரோடு உட்கார்ந்திருந்தேன். பூமிக்குள் ஆயிரம் அடிக்கும் மேலே நேராகத் துளை போடுகிற வண்டி அவர்களுடையது. பேச்சுவாக்கில் நான் சைடு போர் போட்டுப் பிழைத்தவன் என்று சொன்னதும், அவர்களில் மூத்தவரான முருகேசன், "அதெல்லாம் இன்னும் இருக்காண்ணே?" என்று கேட்டார். நான் இருக்கிறேன், இருமலும் இருக்கிறது, மிஷின்தான் பழைய இரும்புக்குப் போய்விட்டது என்றேன். சிரித்தார்கள். "நேரா கீழ போறதை வுட்டுட்டு எதுக்குண்ணே பக்கவாட்டுல போனீங்க?" என்று மறுபடி கேட்டார். டீ ஆறிப்போகும்வரை யோசித்தும் ஒரு வரியில் சொல்ல வரவில்லை. அதனால்தான் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூருக்கு மேற்கே மண் கொஞ்சம்தான், கீழே எல்லாம் கல். கிணறு வெட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் பாறை மறித்துக்கொள்ளும். அதற்குக் கீழே வெட்டினால் செலவுதான் மிஞ்சும். ஆனால் பாறைக்குள் வெடிப்புகள் உண்டு, அவற்றில் தண்ணீர் ஓடும். கிணற்றுக்குள் மிஷினை இறக்கி, சுவரில் படுக்கை வசமாகத் துளைத்துக்கொண்டே போய் அந்த வெடிப்பைத் தொட்டுவிட்டால், தண்ணீர் துளை வழியாக நம் கிணற்றுக்கு வந்துவிடும். அதுதான் சைடு போர். கேட்க எளிதாகத்தான் இருக்கும்.

நான் பிறந்தது தா.பழூர்ப் பக்கம். வாய்க்கால் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். தண்ணீருக்காக மனிதர்கள் தூக்கம் கெடுவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. பத்தாவது தேறாமல் ரிக் வண்டியில் ஏறி ஆந்திரா, மராட்டியம் என்று சுற்றினேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. துளைக்கிற இரும்பு ராடு தூக்கினேன், சாப்பிட்டேன், தூங்கினேன், மறுபடி ராடு தூக்கினேன். கல்யாணம் குன்னம் பக்கம் அமைந்தது. மாமனார் ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டு, துறையூரிலிருந்து சைடு போர் மிஷின் கொண்டுவந்திருந்த துரைசாமியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கடைசிவரை அவரிடம்தான் இருந்தேன். ஊர்க்காரர்கள் என்னை டிரில்லர் என்பார்கள், அவரை நாங்கள் முதலாளி என்போம்.

வேலை இப்படி நடக்கும். முதலில் கிணற்றை வற்ற இறைக்க வேண்டும். பிறகு நான் மட்டும் கயிற்றில் இறங்கிச் சுவரைச் சுற்றிப் பார்ப்பேன். வெளியே கொளுத்துகிற வெயிலிலும் எந்த இடத்துக் கல் சில்லென்று இருக்கிறது, எந்த வெடிப்பில் பாசி படர்ந்திருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்துத்தான் திசையை முடிவு செய்வேன். அதன் பின்பு கிரேனில் மிஷின் இறங்கும். எதிர்ச்சுவருக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து அசையாமல் நிறுத்துவோம். மேலே கம்ப்ரசர் ஓடும், கீழே நாங்கள் ராடுக்குப் பின் ராடாகப் பூட்டி உள்ளே அனுப்புவோம். கல் மாவு புகையாகக் கிளம்பிக் கிணறு முழுவதும் நிறைந்துவிடும். வாயில் ஈரத்துணி கட்டிக்கொண்டாலும் பாதி உள்ளேதான் போகும். அந்த மாவுதான் இன்றைக்கு என் நெஞ்சில் கிடந்து இருமுகிறது என்று திருச்சி டாக்டர் சொல்கிறார். மாவு எப்போது களியாக மாறுகிறதோ அப்போது தண்ணீர் கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம்.

முதலாளியின் தோரணை ஒன்றை மறக்கவே முடியாது. ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலியை லாரியிலேயே கொண்டுவருவார். ஊரே கிணற்றைச் சுற்றி நின்று குனிந்து எட்டிப் பார்க்கும். அவர் மட்டும் கிணற்றுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொள்வார். தண்ணீர் பீறிட்டு எல்லோரும் கத்தும்போதுகூடத் திரும்ப மாட்டார். கத்துகிறவர்களின் முகத்தைத்தான் பார்ப்பார். யார் முகம் வாடுகிறதோ அந்த ஆளை அடையாளம் வைத்துக்கொள்வார். ஓர் ஊருக்குள் நுழைந்தால் ரோட்டோரமாக உள்ள ஒரு விவசாயக் காட்டில், கட்டுப்படியாகாத கூலிக்குக்கூட முதல் போரைப் போட்டுக்கொடுப்பார். பிறகு அந்த ஊரை விட்டு நாங்கள் கிளம்ப மாதமாகிவிடும்.

"ஊர் ஊருக்கு நோட்டீஸ் ஒட்டலாமே முதலாளி" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நோட்டீஸை எவன்ப்பா படிக்கிறான்? பக்கத்துக் காட்டுக்காரன் கிணத்துல தண்ணி ஏறுச்சுன்னா இவனுக்குச் சோறு எறங்காது. அதை வுட ஒரு நோட்டீஸ் இருக்கா?"

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மறுத்துப் பேசவும் முடியவில்லை. ஏனென்றால் அந்தப் பொறாமையும் ஆசையும் சேர்ந்துதான் இந்தப் பக்கத்தைத் தூக்கி நிறுத்தின, அதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். சின்ன வெங்காயம் போடுங்கள், சொட்டு நீர் போடுங்கள் என்று ஆபீசர்கள் ஜீப்பில் வந்து சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனார்கள். ஒருவரும் அசையவில்லை. ஊருக்கு ஓர் ஆள் தன் லாபத்துக்காகச் செய்து, விதை எங்கே வாங்கினான் என்பதைக்கூட மறைத்து வைத்து, வெங்காயத்தைக் காற்றாட இருப்பு வைக்கிற பட்டறை நிறையச் சேர்த்ததும் மொத்த ஊரும் அடுத்த பட்டத்திலேயே மாறியது. ஓட்டு வீடுகள் இருந்த தெருவில் மெத்தை வீடுகள் எழும்பின. இங்கிருந்து வெங்காய லாரி போக, ரெட்டிபாளையத்திலிருந்து சிமெண்ட் லாரி வந்தது. பெண்பிள்ளைகள் கல்லூரிப் பஸ்ஸில் ஏறினார்கள். ஆசை கெட்டது என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். ஆசைப்படாத ஊரில் ஒரு கக்கூஸ்கூடக் கட்டியிருக்க மாட்டார்கள்.

இப்போது அந்தக் கிணற்றுக்கு வருகிறேன். செட்டிகுளத்திலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் ஓர் ஊர். பேர் வேண்டாம், அவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

அந்த ஊரில் விதை ரகசியம் காத்து முதலில் வெங்காயம் போட்டவர் ராஜேந்திரன். காலையில் எல்லோருக்கும் முன்னால் காட்டில் நிற்பார், பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார். அவருடைய அண்ணன் பைக் விபத்தில் இறந்துபோக, பாகம் பிரித்த பக்கத்து நிலத்தை அண்ணி அம்சவல்லி பார்த்துக்கொண்டாள். ஒரே மகள், பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு அண்ணி வெயில்ல நிக்கிறீங்க, எனக்குக் குத்தகைக்கு வுட்டுடுங்க" என்று ராஜேந்திரன் நல்லவிதமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மாட்டேன் என்றாள். அந்த வருஷம் தைப் பட்டத்தில் அவளும் வெங்காயம் ஊன்றினாள். அது தேறினால் நிலம் அவள் கையில், மகளுக்கு நர்சிங் படிப்பு. தேறாவிட்டால் நிலம் கொழுந்தன் கைக்குப் போகும், மகளை எங்காவது கட்டிக்கொடுப்பார்கள். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும்.

மாசியில் ராஜேந்திரன் கிணறு வற்றிவிட்டது. பள்ளத்தில் இருந்த அம்சவல்லி கிணற்றில் மட்டும் தண்ணீர் நின்றது. ராஜேந்திரன் எங்களைக் கூப்பிட்டார். இறங்கிப் பார்த்தேன். நாலு பக்கமும் காய்ந்த கல். கிழக்கே மட்டும் ஒரு வெடிப்பு சில்லிட்டிருந்தது.

எங்கள் தொழிலில் எழுதாத கட்டுப்பாடு ஒன்று உண்டு. துளைக்கப் போகிற திசையில் யாருடைய கிணறு இருக்கிறது என்று கேட்டே ஆகவேண்டும். எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. அதற்காகக் கிணற்றிலிருந்து கல்வரை மேலே கயிறு பிடித்து அளந்து, அந்தக் கயிற்றுக்குக் குறைவாகத்தான் ராடு பூட்டுவோம்.

"கெழக்கால யாரு கெணறு?" என்று கேட்டேன்.

"எங்க அண்ணி கெணறு. கல்லு தாண்டாம போடுங்க, போதும். நமக்கு அடுத்தவங்க சொத்து வேணாம்."

அப்படியே செய்தேன். கல்லுக்கு இந்தப் பக்கமே மாவு களியானது, அடுத்த ராடில் தண்ணீர் வந்துவிட்டது. செம்பழுப்பாக வந்து, கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. ராஜேந்திரன் ஏணியில் இறங்கி வந்து தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அறைந்துகொண்டார். அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. மத்தியானம் எங்களுக்குக் கறிச்சோறு. பரிமாறியது அம்சவல்லிதான். "தம்பிக்கு நல்ல ஊத்து அமைஞ்சுடுச்சு" என்று வாய்நிறையச் சொன்னாள்.

அதே ஊரில் இன்னொரு காட்டில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்புகிற சமயம், அவள் எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். செருப்புக்கூடப் போட்டிருக்கவில்லை.

"அண்ணே, எங்க கெணத்துல மோட்டார் காத்து இழுக்குது. தண்ணி எறங்கிக்கிட்டே போவுது. நீங்க போட்ட போர்தானா?"

"இருக்கலாம்மா. அவரு கெணத்து அடி உங்களதை வுட ஆழம். கல்லைத் தாண்டல. ஆனா பாறைக்குள்ள எது எங்க போவுதுன்னு யாருக்கும் தெரியாது."

"வெங்காயம் இப்பதான் காய் புடிக்குது. இந்த வாரம் தண்ணி வுடலன்னா எல்லாம் போச்சு."

மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ராஜேந்திரன் எழுந்து, "என் நெலத்துலதான் போட்டேன். கல்லைத் தாண்டல. டிரில்லர் அண்ணனையே கேளுங்க" என்றார். தாண்டவில்லை என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். "அப்ப என் தண்ணி எங்க போச்சு?" என்று அம்சவல்லி கேட்டாள். கிராம அதிகாரி, நிலத்துக்கு மேலே தகராறு என்றால் அளந்து சொல்லலாம், கீழே அளக்கத் தன்னிடம் சங்கிலி இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடைசியில் கோயில் பூசாரி ஒரு வழி சொன்னார். அம்சவல்லி கிணற்றில் மஞ்சள் கரைத்து ஊற்றுவது. ராஜேந்திரன் கிணற்றுப் போரில் மஞ்சளாக வந்தால் அவர் போரைச் சிமெண்ட் போட்டு அடைத்துவிட வேண்டும். வராவிட்டால் அம்சவல்லி அப்புறம் வாய் திறக்கக் கூடாது. ராஜேந்திரன் உடனே ஒத்துக்கொண்டார். வராது என்று அவர் மனதார நம்பினார்.

மறுநாள் காலையில் அண்டா அண்டாவாக மஞ்சள் கரைத்தார்கள். அம்சவல்லி முழங்கை வரைக்கும் மஞ்சளாக நின்றாள். அந்த ஊரில் திருவிழா முடிந்தால் மாமன், மச்சான், கொழுந்தன் என்று முறை உள்ளவர்கள் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ராஜேந்திரனைத் துரத்தித் துரத்தி ஊற்றியவள் அவள்தான் என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்னிடம் சொன்னாள். எனக்கு அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று இருந்தது.

அவள் கிணற்றில் ஊற்றினார்கள். ஜனங்கள் எல்லோரும் ராஜேந்திரன் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். வெகுநேரம் தண்ணீர் தெளிவாகவே விழுந்துகொண்டிருந்தது. சிலர் கலையத் தொடங்கினார்கள். ராஜேந்திரன் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது துளை வாயில் தண்ணீரின் நிறம் லேசாக மாறியது. முதலில் வெயிலின் பளபளப்பு என்று நினைத்தேன். பிறகு சந்தேகமே இல்லாமல் மஞ்சள். "வருதுடா" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

அம்சவல்லி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்று அழுதாள். ராஜேந்திரன் அவளிடம் வந்து, "எனக்குத் தெரியாது அண்ணி, சத்தியமா. சிமெண்ட் எடுத்தாந்து அடைச்சுடுறேன்" என்றார். நியாயம் கிடைத்துவிட்டது என்று எனக்கும் நெஞ்சு லேசானது. கூட்டம் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் கலைந்தது. ஓர் ஊரில் இப்படி ஒரு சங்கதி நடந்தால் பொழுது போகும்வரை பேசுவார்கள். அன்று அவரவர் தத்தம் காட்டைப் பார்த்து வேகமாகப் போனார்கள்.

முதலாளி நீல நாற்காலியில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"டீசல் எவ்வளவு இருக்கு மாணிக்கம்?" என்று என்னைக் கேட்டார்.

"நாளைக்குக் கெளம்பறோமே முதலாளி, போதும்."

"கெளம்ப மாட்டோம். ஊருல அத்தினி பேர் மூஞ்சியும் பாத்தேன். ஆள வுட்டு டீசல் வாங்கியாரச் சொல்லு."

மறுநாள் வந்தார்கள். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியக் கூடாது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரப்பு வழியாக வந்தார்கள். இத்தனை வருஷ வேலையில் விவசாயி முதலில் கேட்பது, தண்ணி வருமா என்பதுதான். அன்று ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. மேலக்காட்டார் தெற்கே போடச் சொன்னார், தெற்கே இருந்தவர் மேற்கே போடச் சொன்னார். ஒவ்வொருவர் கையும் பக்கத்துக் கிணற்றைத்தான் காட்டியது. கல்லைத் தாண்ட வேண்டாம் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அடுத்தவன் தண்ணீரை இழுக்க முடியும், அதில் சட்டப்படி தப்பும் கிடையாது என்பதை அந்த மஞ்சள் தண்ணீர் அத்தனை பேருக்கும் ஒரே காலையில் காட்டிக்கொடுத்துவிட்டது.

அவர்களோடு அம்சவல்லியும் வந்தாள். கையில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

"உங்க கொழுந்தன் அடைக்கிறேன்னுட்டாரேம்மா" என்றேன்.

"அவரு அடைப்பாரு. மேலக்காட்டுக்காரன் போடுறானே, அவன் அடைப்பானா? அவன் எறங்கறதுக்கு முன்னாடி எனக்குப் போட்டுக்குடுங்க."

"வேணாம்மா. எல்லாரும் போட்டா யாருக்கும் நிக்காது."

"எனக்கு மட்டும் புத்தி சொல்லுங்கண்ணே. அந்தா வரப்புல நிக்கிறாங்களே, அவங்ககிட்டயும் போய்ச் சொல்லிட்டு வாங்க, நான் திரும்பிப் போயிடுறேன்."

நான் வரப்பைப் பார்த்தேன். போய்ச் சொல்லியிருந்தாலும் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் கிணற்றில் மிஷின் இறங்கியது. ராஜேந்திரன் சிமெண்ட் மூட்டையைக் கிணற்று மேட்டில் கொண்டுவந்து வைத்திருந்தார். அண்ணி கிணற்றில் கம்ப்ரசர் சத்தம் கேட்டதும், "எல்லாரும் தொறக்கறப்ப நான் மட்டும் அடைச்சுக்கிட்டு உக்காரணுமா?" என்று என்னிடம் கேட்டார். மூட்டை அங்கேயே கிடந்து மழையில் இறுகிக் கல்லாகிவிட்டது. பல வருஷம் அதன்மேல்தான் அவர் உட்கார்ந்து மோட்டார் போடுவார்.

அம்சவல்லியின் வெங்காயம் தேறியது. அதையும் சொல்லவேண்டும். நிலம் அவள் கையிலேயே இருந்தது, மகள் நர்சிங் சேர்ந்தாள். அந்த வருஷம் மொத்த ஊருக்கும் நல்ல வெள்ளாமை. எங்கள் முதலாளி இரண்டாவது மிஷின் வாங்கினார். அந்தக் கூலியில்தான் நான் என் வீட்டுக்கு மாடி எடுத்தேன். பிறகு வந்த கோடைகளில்தான் ஊருக்குப் புரிந்தது. மேலே பார்த்தால் தனித்தனிக் கிணறு, கீழே எல்லாம் துளை வழியே ஒன்றாகிவிட்டது. ஒருவர் மோட்டார் போட்டால் எல்லோர் கிணற்றிலும் தண்ணீர் இறங்கியது. நாளைக்கு என்று யாரும் மிச்சம் வைக்க முடியாது, வைத்தால் அடுத்தவர் இறைத்துவிடுவார். பெரிய மோட்டார் வாங்க எல்லோரும் போட்டி போட்டார்கள். பிறகு ஆழ்துளை வண்டிகள் வந்தன, எங்கள் மிஷினுக்கு வேலை போயிற்று. அதோடு கிணற்றிலிருந்த தண்ணீரும் போயிற்று.

போன வருஷம் ஒரு துக்கத்துக்காக அந்த ஊருக்குப் போயிருந்தேன். ராஜேந்திரன் பெரம்பலூரில் ஒரு கல்லூரி வாசலில் காவலுக்கு இருக்கிறாராம். காடுகளில் மழையை நம்பிப் போட்ட மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் கருகி நின்றது. அம்சவல்லியைப் பார்த்தேன். மகள் லப்பைக்குடிகாடு பாய் ஒருவர் மூலமாகத் துபாய் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். வீடு டைல்ஸ் போட்டுப் பளபளவென்று இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் கேன், மற்றதற்கு டேங்கர். எனக்கு டம்ளரில் கேன் தண்ணீர் கொடுத்தாள்.

"அன்னிக்கு நீங்க வேணாம்னீங்க" என்றாள். "போடாம இருந்திருந்தா அந்த வருசமே போயிருக்கும்ணே. போட்டதால இப்பப் போச்சு. வேற என்னத்தப் பண்றது?"

நான் தண்ணீரைக் குடித்தேன்.

இதுவரை எழுதிவிட்டு எப்படி முடிப்பது என்று தெரியாமல் சில நாள் அப்படியே வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய கிணறு இருக்கிறது. அதிகம் இல்லை, இரண்டு பேருக்கும் நாலு தென்னைக்கும் போதுமான தண்ணீர். நேற்றுக் காலை வாசலில் உட்கார்ந்திருந்தபோது மேற்கே பக்கத்துக் கொல்லையில் கம்ப்ரசர் சத்தம் கேட்டது. ரிக் வண்டி. அந்த வீட்டுக்காரர் அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எங்க எழுந்திருச்சுட்டீங்க?" என்று என் மனைவி கேட்டாள். நான் எழுந்ததே அவள் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. செருப்பைத் தேடாமல் ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டேன். வேலை முடித்து வண்டி வெளியே வர மத்தியானமாயிற்று. கை காட்டினேன். ஓட்டிவந்தது டீக்கடையில் பார்த்த முருகேசன்தான்.

"அண்ணே, நீங்களா? உங்களுக்கும் போடணுமா?"

தலையாட்டினேன். இருமல் வந்து பேச விடவில்லை.

வண்டியை எங்கள் கொல்லைக்குள் திருப்பிவிட்டு இறங்கி வந்தார். இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீங்க தொழில்காரரு, நீங்களே சொல்லுங்க. எந்தப் பக்கம் போடலாம்?" என்றார்.

நான் கையை நீட்டி மேற்கு வேலியோரத்தைக் காட்டினேன்.